செம்பாறை அருவிக்கு ஒரு சங்கு

குற்றாலத்தில் பெயர்பெற்ற அருவிகள் பல உண்டு. செம்பாறை அருவி அவற்றில் சேராது. பெரிய அருவிகளில் கூட்டம் தாங்காமல் போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்தும்போது, துரத்தப்பட்டவர்கள் வந்து குளிக்கிற இடம் அது. அங்கே துண்டுக்கடை வைத்திருந்தவர் ஹைருன் பீவி. காலையில் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வருவார். தார்ப்பாயை அவிழ்த்து, கொடிக்கயிற்றில் துண்டும் டிராயரும் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுவார். அருவியில் குளிப்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் வருகிற மனிதன் துண்டை மட்டும் மறந்துவிட்டு வருவான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு குடும்பம் சாப்பிட்டது.

குடும்பம் என்றால் அவரும் கணவர் முகம்மது கனியும். கனி சவூதியில், தம்மாமில் பல வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயோடும், உலக விஷயங்கள் எல்லாவற்றையும் பற்றிய கருத்துகளோடும் ஊர் திரும்பியவர். சர்க்கரைக்கு மாத்திரை இருந்தது. கருத்துகளுக்கு ஹைருன் பீவிதான் இருந்தார்.

ஹைருன் பீவிக்கு ஆண்டவன் கொடுத்த சொத்து தொண்டை. அருவி இரைகிற இடத்தில் நின்று "துண்டேய்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், காரைவிட்டு இறங்காமல் உள்ளே இருக்கிறவர்கள்கூடக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் அன்னாசிப்பழம் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி விற்கிற இசக்கிசெல்வி, "யக்கா, எனக்கும் சேத்து ஒரு சத்தம் போடுங்க" என்பாள். ஹைருன் பீவி அதையும் போடுவார்.

சில வருடங்களாகக் குற்றாலத்துக்கு மாதம் தெரியவில்லை. ஆனியிலும் ஆடியிலும் விழ வேண்டிய சாரல் விழுவதில்லை. லாட்ஜ்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாடகையைக் குறைப்பார்கள். பிறகு யாரும் எதிர்பாராத நாளில் ஒரு மாதத்து மழை ஒரு மதியத்தில் கொட்டும். அந்த மே மாதத்திலும் அப்படித்தான் நடந்தது.

கீழே நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் இருட்டியிருந்தது. பள்ளிக்கூட லீவு என்பதால் செம்பாறையில்கூடக் கூட்டம். தண்ணீர் கலங்குவதை ஹைருன் பீவி முதலில் கண்டது மனிதகுலத்தின் மேல் கொண்ட அக்கறையால் அல்ல. அன்றுதான் புதுக்கட்டுப் பிரித்து வெள்ளைத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். அவற்றின்மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் விழுந்தன. எந்தப் பாவி சேற்றைத் தெறிக்கிறான் என்று திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே திரும்பினார். திட்டு வேறாக வெளியே வந்தது.

"ஏலே! தண்ணி செவக்குது! ஏறுங்கலே மேல! பிள்ளையத் தூக்கு! ஏட்டி, செருப்பத் தேடாத, ஏறு!"

கேட்டவர்கள் ஏறினார்கள். ஏறாதவர்களை ஏறியவர்கள் இழுத்தார்கள். இசக்கிசெல்வி பழம் நறுக்கிய கத்தியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து படிக்கட்டில் நின்று கத்தியதில், வெள்ளத்துக்குப் பயப்படாதவர்களும் கத்திக்குப் பயந்து ஏறினார்கள். அடுத்த நிமிடம் மேலிருந்து தண்ணீர் கல்லும் மரமுமாக வந்தது. துண்டுக்கடை, பழக்கடை, கைப்பிடிக் கம்பி எல்லாம் போயின.

ஒரு மனிதரும் போனார். வாசுதேவநல்லூர்க்காரர், பலவேசம் என்று பெயர். அருவியின் நடுவில், தண்ணீர் முழுசாகத் தலையில் விழுகிற இடத்தில் நின்றிருந்தார். அவருடைய மனைவி மூக்கம்மாள் படிக்கட்டில் கணவரின் சட்டையையும் செல்போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நானும் கூப்பிட்டேன். இந்தம்மாவும் கூப்பிட்டா. அவருக்குக் கேக்கல" என்று வருகிற எல்லோரிடமும் சொன்னாள். போலீஸ்காரரிடம் சொன்னாள், டிவிக்காரரிடம் சொன்னாள், யாரும் இல்லாதபோது ஹைருன் பீவியிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் குளிக்கும்போது ஹைருன் பீவிக்கு ஒரு பழக்கம் வந்தது. தலையில் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டு, வெளியே கனி பேசுவது கேட்கிறதா என்று பார்ப்பார். கேட்காது. வேறு காலமாக இருந்தால் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனார். கேட்டது ஒன்றே ஒன்று. முனிசிபாலிட்டியில் காலையில் சைரன் ஊதுகிறதே, அதுபோல அருவிக்கரையில் ஒரு சங்கு வேண்டும். மேலே தண்ணீர் ஏறினால் கீழே அலற வேண்டும். ஓர் அலுவலகத்தில், அருவிதான் எங்கள் பொறுப்பு, மேலே உள்ள காடு இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், காடு எங்களுடையது, குளிக்கிறவன் எங்களுடையவன் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். அவர், "மழை எங்கம்மா பெஞ்சுது? மலைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அந்தப் பக்கம்னா அது கேரளாவுல்லா" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஹைருன் பீவி அவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

கோமதிசங்கர் அறிமுகமானது அந்த வாரம்தான். தென்காசியில் ஒரு டிரஸ்ட் நடத்துபவர். கதர் ஜிப்பா போட்டிருப்பார், சோகமான முகம். சோகம் வேலை நேரத்தில் மட்டும்தான். புதிதாகக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே வந்து உட்கார்ந்து, "அம்மா, உங்க மனித உரிமை பாதிக்கப்பட்டிருக்கு" என்றார்.

"எது சார்?"

"எல்லாமேம்மா. உயிர், வாழ்வாதாரம், சுத்தமான சூழல். இதுக்குப் பேரு பருவநிலை மாற்றம்."

"சங்கு வருமா சார்?"

"சங்கு என்னம்மா சங்கு. உங்களப் பேச வைக்கப் போறேன்."

ஹைருன் பீவியைப் பேசவைக்க யாரும் தேவையில்லை என்பது கோமதிசங்கருக்குத் தெரியாது.

நாட்டுக்கு ஒன்றாக மனித உரிமை ஆணையங்கள் உண்டு. பல நாடுகளைச் சேர்த்து வட்டாரப் பேரவைகளும் உண்டு. பருவநிலை மாறி மக்கள் படுகிற பாட்டில் இந்த இரண்டும் எப்படி ஒத்துழைப்பது என்று பேசுவதற்குச் சில நாட்டு ஆணையங்களும் 'தென்கடல் நாடுகள் பேரவை' என்ற அமைப்பும் கூடுவதாக இருந்தன. எங்கே கூடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். பாதிப்பும் இருக்க வேண்டும், ஏசி ரூமும் இருக்க வேண்டும். குற்றாலம் அமைந்துவிட்டது.

கூட்டம் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. முதல்நாள் முழுவதும், வெளியிட வேண்டிய அறிக்கையில் 'ஒத்துழைப்பு' என்று போடுவதா 'ஒருங்கிணைப்பு' என்று போடுவதா என்று விவாதித்தார்கள். ஒத்துழைப்பு என்றால் பேரவை ஆணையங்களுக்குச் சமம் ஆகிவிடும். ஒருங்கிணைப்பு என்றால் ஆணையங்கள் பேரவைக்குக் கீழே போய்விடும். மதியம் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வந்தபோது மட்டும் இரண்டு தரப்பும் ஒத்துழைத்தன.

இரண்டாம்நாள் ஹைருன் பீவியின் முறை. முந்தினநாளே கோமதிசங்கர் பாடம் நடத்தியிருந்தார்.

"துண்டு எங்கேருந்தும்மா வாங்குதீங்க?"

"ஈரோட்டுக் கட்டு, சார். மொத்தக்கடைல எடுப்பேன்."

"அத விட்ருங்க. கைத்தறின்னு சொல்லுங்க. உங்க சொந்தக்காரங்க நெஞ்சதுன்னு."

"நெய்யலியே சார்."

"யாராவது எப்பவாவது நெஞ்சிருப்பாங்கல்லா?"

நெய்திருப்பார்கள்தான். ஹைருன் பீவி ஒப்புக்கொண்டார். மைக்கைக் கொடுத்ததும், மைக் தேவையில்லாத குரலில் வெள்ளம் வந்ததைச் சொன்னார், பலவேசத்தைச் சொன்னார். மூக்கம்மாள் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது பாடத்தில் இல்லாமலே அழுகை வந்துவிட்டது. ஆணையத்து அம்மையார் ஒருவரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள். ஹைருன் பீவி அவசரமாக, "எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அருவிக்கரைல ஒரு சங்கு வச்சாப் போதும்" என்று முடித்தார்.

மொழிபெயர்த்த பெண் சென்னையிலிருந்து வந்தவள். நல்ல ஆங்கிலம். மில் சங்கு, முனிசிபாலிட்டி சங்கு எதுவும் கேட்டு வளராதவள். அவளுக்குத் தெரிந்த சங்கு கடலில் எடுத்துக் கோயிலில் ஊதுவது. அதையே மொழிபெயர்த்தாள்.

அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பேரவைத் தலைவர், வெள்ளைத் தலைமுடியும் சிவந்த முகமுமாக இருந்தவர், எழுந்து நின்று கைதட்டினார். எந்திரம் கேட்கவில்லை, மின்சாரம் கேட்கவில்லை, இந்த மக்கள் தங்கள் பாரம்பரிய அறிவின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பாருங்கள் என்றார். மற்றவர்களும் எழுந்து தட்டினார்கள். சங்கு கிடைத்துவிட்டது என்று ஹைருன் பீவி நினைத்தார்.

அதன்பிறகு அவருக்கு ஓய்வில்லை. மதுரைக்குக் கூப்பிட்டார்கள், சென்னைக்குக் கூப்பிட்டார்கள், டெல்லிக்குக்கூடக் கூப்பிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் குனிவார்கள் என்பது அவருக்குப் பழகிவிட்டது. மூன்றாவது கூட்டத்தில் மூக்கம்மாள் பற்றிச் சொல்லும்போது தனக்கு அழுகை வராததை அவரே கவனித்தார். நாலாவது கூட்டத்தில் வரவழைத்துக்கொண்டார். அன்று திரும்பி வருகிற ரயிலில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது கூட்டத்துக்கும் போனார். ஹோட்டல் காலைச்சாப்பாட்டில் முட்டையை நாம் சொல்கிறபடி போட்டுத் தருகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

கொழும்புக்கு அழைப்பு வந்தபோது கனிக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, நான் தம்மாம்ல வெயில்ல கெடந்து வெந்தேன். ஒரு பய என்னைக் கூப்பிட்டு உன் கஷ்டம் என்னன்னு கேக்கல. ஒன்னய மட்டும் பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயி கேக்கானுவ."

"நீங்க கத்தலைல்லா."

"கத்துனா விசாவக் கேன்சல் பண்ணிருவான்."

"அதுக்குப் பேருதான் மனித உரிமைப் பிரச்சினை. கோமதிசங்கர் சார்கிட்ட சொல்லட்டுமா?"

கனி டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

கொழும்பில் கடலைப் பார்த்த மண்டபத்தில் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அட்டையில் ஹைருன் பீவியின் படம். தலைவர் அவரை மேடைக்கு அழைத்து, நீலப் பட்டுத்துணி விரித்த ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தார். உள்ளே சங்கு. வலம்புரியோ இடம்புரியோ, பளபளவென்று மெருகேற்றியிருந்தார்கள். தொழுகை தவறாத ஹைருன் பீவி அதைக் கையில் ஏந்திக்கொண்டு, படம் எடுத்து முடிக்கும்வரை சிரித்தபடி நின்றார். பிறகு கோமதிசங்கரை ஒரு தூணோரமாக ஒதுக்கினார்.

"சார், இது என்ன?"

"நீங்க கேட்டதுதாம்மா. நாம ஒண்ணு சொல்ல அவங்க ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாங்க. இப்பம் போயித் திருத்துனா நல்லாருக்காது."

"அப்பம் நெசச் சங்கு?"

கோமதிசங்கர் அறிக்கையைப் புரட்டிக் காட்டி விளக்கினார். செம்பாறை அருவியில் சமூகமே நடத்தும் எச்சரிக்கை ஏற்பாடு ஏற்கெனவே சிறப்பாக இயங்குகிறது. குரலும் சங்கும் சேர்ந்தது அது. மற்ற நாடுகளுக்கு முன்மாதிரி. எனவே அங்கே புதிதாக எதுவும் அமைக்கத் தேவையில்லை. ஆணையங்கள் இதைப் பரிந்துரைக்கின்றன, பேரவை இதை வரவேற்கிறது.

"ஏற்பாடுன்னா யாரு சார்?"

"நீங்கதாம்மா."

ஹைருன் பீவி பெட்டியை மூடினார். "அந்த வாசுதேவநல்லூர்க்காரருக்கு நான் கத்துனது கேக்கலியே சார். அத எல்லா ஊர்லயும் சொன்னேனே."

"அதுதாம்மா எல்லாரையும் உருக்கிருச்சு" என்றார் கோமதிசங்கர். உண்மையாகவே சொன்னார்.

ஊருக்கு வந்து ஹைருன் பீவி பல நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. கனி பயந்துபோய்ச் சர்க்கரை மாத்திரையைத் தானாகவே போட ஆரம்பித்தார். சங்கை என்ன செய்வதென்று தெரியாமல் ஹைருன் பீவி இசக்கிசெல்வியிடம் கொடுத்தார். அவளும் ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

அடுத்த வருட ஆடியில் அதிசயமாகச் சாரல் சரியாக விழுந்தது. ஒத்துழைப்பின் முதலாண்டு நிறைவைக் கொண்டாட எல்லோரும் மறுபடி குற்றாலம் வந்தார்கள். இந்த முறை கள ஆய்வும் உண்டு. முன்மாதிரி ஏற்பாட்டை நேரில் காண வேண்டும். கள ஆய்வுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் டிராயரோடு வந்திருந்தார்கள். துண்டு கொண்டுவரவில்லை. ஹைருன் பீவியிடம் வாங்கினார்கள். தலைவர் முதல் ஆளாக அருவிக்குள் போனார்; நடுவில், தண்ணீர் முழுசாக விழுகிற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இரு நாட்டு ஆணைய உறுப்பினர்கள் அவருக்கு இரு பக்கமும் நின்றார்கள். அவர்கள் அவ்வளவு நெருங்கி நின்றதை எந்தக் கூட்டத்திலும் பார்க்க முடிந்ததில்லை.

"அம்மா, வீடியோ எடுக்கணும். நீங்க படில நின்னு சங்க ஊதி எச்சரிக்கணும். அவங்க ஏறி வருவாங்க" என்றார் கோமதிசங்கர்.

"எனக்கு ஊத வராது சார். கத்தட்டுமா?"

"சரி, கத்துங்க. சங்க மட்டும் கைல பிடிச்சுக்கோங்க."

ஹைருன் பீவி படிக்கட்டின் கடைசிப் படிக்கு இறங்கி நின்றார். அது மூக்கம்மாள் உட்கார்ந்திருந்த படி. மூச்சை இழுத்துக் கத்தினார்.

"வெள்ளம் வருது! ஏறுங்க! வெள்ளம்!"

குரல் மலையில் முட்டித் திரும்பியது. வேன் டிரைவர்கள் டீயைக் கொட்டிவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். மொழிபெயர்ப்புப் பெண் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். வீடியோ எடுத்தவன் கேமராவோடு ஓடினான். எல்லாம் ஏற்பாடுதான் என்று தெரிந்த கோமதிசங்கரும் அந்தக் குரலைக் கேட்டதும் ஓடிச் சேற்றில் விழுந்தார். அருவிக்குள் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. ஹைருன் பீவி மறுபடி கத்தினார். தொண்டை கிழிகிறவரை கத்தினார். இசக்கிசெல்வியும் வந்து சேர்ந்துகொண்டாள். தலைவர் கண்ணை மூடியபடியே முகத்தைத் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்.

தானாக அலுத்துப்போய் அவர்கள் வெளியே வந்தபோது, கரையில் ஒருவரும் இல்லை. படியில் ஹைருன் பீவியும் இசக்கிசெல்வியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், ஆரம்பிக்கலாமே, எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று சைகையில் கேட்டார். வெறுங்காலோடு திரும்பி வந்த மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் ஹைருன் பீவி சொன்னார். குரல் கம்மியிருந்தது.

"கூப்பிட்டாச்சு, ரொம்ப நேரமா. இவரு நின்ன எடத்துலதான் அவரும் நின்னாரு. இத மட்டும் ஒழுங்காச் சொல்லும்மா."

அந்தப் பெண் இந்த முறை ஒழுங்காகச் சொன்னாள். தலைவர் திரும்பி அருவியைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். சிவந்த முகம் வெளுத்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து, ஈரக் கையோடு யாருக்கோ போன் செய்தார். மூன்று அலுவலகமும், சில நாட்டு ஆணையங்களும், ஒரு பேரவையும் சேர்ந்து இத்தனை நாளாகச் செய்ய முடியாததை, பயந்துபோன ஒரு மனிதன் தலை துவட்டுவதற்குள் செய்துவிட்டான்.

அந்த மழைக்காலத்துக்குள் செம்பாறையில் கம்பம் நட்டார்கள். மேலே ஓடையில் தண்ணீர் ஏறினால் கண்டுகொள்ளும் கருவி, கீழே அலறும் சங்கு, சுற்றுகிற சிவப்பு விளக்கு. கம்பத்துக்கு முன்னால் கம்பத்தைவிட அகலமான கல்வெட்டு. அதில் ஆணையங்களின் சின்னம் மேலேயா, பேரவையின் சின்னம் மேலேயா என்ற தகராறில் திறப்புவிழா தள்ளிப்போனது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கி, நடுவில் 'ஒத்துழைப்பு' என்று எழுதினார்கள். ஹைருன் பீவியை விழாவுக்குக் கூப்பிடவில்லை. கள ஆய்வில் வீணாகப் பீதியைக் கிளப்பியவர் என்று அவரைப் பற்றி ஒரு கருத்து உருவாகியிருந்தது. கோமதிசங்கர் இப்போது கீழப்பாவூரில் கிணறு வற்றிப்போன ஒருவரைப் பேசப் பழக்கிக்கொண்டிருக்கிறார். ஹைருன் பீவிக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லையென்று அவர் சொல்வதை யாரும் நம்பவில்லை. முட்டை விஷயத்தை இசக்கிசெல்வியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், கூட்டம் அதிகமில்லாத மத்தியானத்தில், சங்கு அலறியது. மாடு கத்துவதுபோல ஆரம்பித்து, காதைப் பிளந்துகொண்டு ஏறியது. அருவிக்குள் நின்றவர்கள் திடுக்கிட்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு படியேறி வந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட மேட்டில் நின்றார்கள். தண்ணீர் தெளிவாகவே விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சத்தம் போட்டுக் குளிக்கவிடாமல் கெடுக்கிறார்கள் என்றார் ஒருவர். துண்டு விற்பதற்காகச் செய்கிற வேலை என்றார் இன்னொருவர். ஒரு பையன் மறுபடி இறங்கப் போனான். இசக்கிசெல்வி கத்தியைத் தூக்கிக் காட்டி அவனை நிறுத்தினாள்.

அதற்குள் தண்ணீர் சிவந்தது. பாறையே பெயர்ந்து வருவதுபோல வெள்ளம் வந்து, சற்று முன் அவர்கள் நின்ற இடத்தை மூடியது. ஹைருன் பீவி கத்துவதற்குத் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே கடைக்கு வந்தார்.

"ஏம்மா, நாலு மணிக்குள்ள மறுபடி குளிக்க விட்ருவாங்களா? நாங்க ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கோம்."

"அதக் கேக்கதுக்குத் தனியா ஒரு பேரவை இருக்கு அண்ணாச்சி" என்றார் ஹைருன் பீவி. "கொழும்புக்குப் போகணும்."